தூர் வாருகிறவருக்குத் தண்ணீர் உண்டா?

மென்பொருள் அலுவலகத்தில் சேரும் எவருக்கும் முதல் நாளில் மூன்று விஷயங்கள் கையில் கிடைக்கும்: அடையாள அட்டை, மடிக்கணினி, இன்ட்ராநெட்டின் முகவரி. வேலையை விடும்போது முதல் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம். மூன்றாவதில் நாம் போட்டு வைத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு வர முடியாது. எழுதிய பக்கங்கள், ஏற்றிய ஃபைல்கள், நள்ளிரவில் சர்வர் விழுந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அங்கேயே தங்கிவிடும். சட்டப்படி அவை நிறுவனத்தின் சொத்து. சேரும் நாளில் நாம் படிக்காமல் கையெழுத்திட்ட தாள்களில் அது தெளிவாகவே இருக்கிறது.

சட்டம் தெளிவு, அறம் அவ்வளவு தெளிவாக இல்லை. பத்து வருடம் தட்டுத் தடுமாறிக் கற்ற ஒன்றைப் பொது இடத்தில் எழுதி வைக்க நான் கடமைப்பட்டவனா? ஆம் என்றால், யாருக்கு? சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கா? பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கா? இன்னும் வேலைக்கே சேராத, பெயர் தெரியாத ஒருவருக்கா?

தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கும் மெப்ஸ் வளாகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலிருந்த சீனியர் ஒருவர் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வைத்திருந்தார். "எல்லாத்தையும் எழுதி வச்சிட்டா அப்புறம் நீ எதுக்குப்பா?" அவர் சுயநலக்காரர் அல்ல. அருகே போய் உட்கார்ந்து கேட்டால் மணிக்கணக்கில் சொல்லித் தருவார். பக்கத்தில் எழுது என்றால் மட்டும் மாட்டார். கேட்கிறவனுக்குச் சொல்லலாம், சுவருக்குச் சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி. அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே இன்றும் நினைக்கிறேன். அந்த நியாயம் எதுவரை செல்லும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

வலை என்று இன்று நாம் சொல்வதே ஓர் அலுவலகப் பிரச்சினையிலிருந்து பிறந்ததுதான். ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் மேலதிகாரிக்கு ஒரு திட்ட முன்வரைவு கொடுத்தார். அதில் உலகை இணைக்கும் கனவு எதுவும் முன்னால் நிற்கவில்லை. அங்கே வரும் ஆராய்ச்சியாளர்கள் பலர் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களோடு தகவலும் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் திரும்பத் தேட வேண்டியிருக்கிறது. இதுதான் அவர் சொன்ன குறை. மெப்ஸிலோ, தரமணி டைடல் பார்க்கிலோ, சிறுசேரியிலோ உள்ள எந்த மேனேஜரும் இன்று காலைகூடச் சொல்லியிருக்கக்கூடிய குறை அது.

முதல் வலை சர்வர் அவருடைய மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினி. அதை யாரும் அணைத்துவிடக் கூடாது என்று கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. செர்ன் ஊழியர்கள் பலரை வலைப்பக்கம் இழுத்தது பெரிய தத்துவம் எதுவும் அல்ல, அலுவலகத் தொலைபேசிப் பட்டியல். எண்ணைத் தேட வேறு வழிகளைவிட அது எளிதாக இருந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் உரிமைத்தொகை இல்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அதன் பிறகு நடந்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். பொதுவுக்கு வந்த அதே கருவியை நிறுவனங்கள் வாங்கிச் சுற்றிலும் சுவர் எழுப்பி, அதற்கு இன்ட்ராநெட் என்று பெயர் வைத்தன. உள்ளறையில் பிறந்தது தெருவுக்கு வந்து, திரும்ப உள்ளறைக்குப் போய்விட்டது.

அந்தச் சுவருக்குள் இன்று என்ன இருக்கிறது? பெரும்பாலான இன்ட்ராநெட்டுகளைத் திறந்தால் முகப்பில் தலைவரின் தீபாவளி வாழ்த்து இருக்கும். கீழே விடுமுறைப் பட்டியல். அதற்கும் கீழே போனால் ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று ஒரே ஃபைலின் மூன்று பிரதிகள். லிங்கைத் தட்டினால் பக்கம் இல்லை என்று வரும். எழுதியவர் யாரென்று பார்த்தால் ‘முன்னாள் பயனர்’ என்றிருக்கும். எல்லோருக்கும் தெரிந்த இந்த நிலைக்கு நிர்வாகம் சொல்லும் காரணம், நம்ம பசங்களுக்கு எழுதச் சோம்பல் என்பது. எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. வாட்ஸப்பில் இதே பசங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

தாம்பரத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இதை விளங்கிக்கொள்ள ஓர் உவமை கண்ணெதிரே கிடக்கிறது. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை என்று நம் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களெல்லாம் ஏரிகளின் பெயர்களும்கூட. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரி என்பது ஒரு முறை வெட்டினால் போதுமென்று விட்டுவிடக்கூடிய பொருள் அல்ல. ஒவ்வொரு மழையிலும் வண்டல் வந்து படியும். வருடா வருடம் தூர் வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும், மதகைச் சரிபார்க்க வேண்டும். ஊரே சேர்ந்து செய்யும் அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். வேலையில் பங்கு, அதற்கு ஈடாகத் தண்ணீரில் பங்கு என்பதே அதன் கணக்கு.

இந்தக் கணக்கு எப்போது உடைந்தது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த மானிய நிலங்கள் பல இடங்களில் அரசின் வருவாய்க்குள் போயின. ஏரி அரசின் சொத்து, தண்ணீருக்கு அரசு வரி வாங்கும், ஆனால் தூர் வாரும் கடமை மட்டும் ஊருக்கே என்றானது. மக்கள் வரவில்லை. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அதைக் குடிமராமத்துச் சட்டம் என்றும் சொல்வார்கள். நேற்று வரை வழக்கமாக இருந்தது அன்று முதல் உத்தரவானது. உத்தரவால் ஏரிகள் நிரம்பவில்லை.

நம் அலுவலகங்களில் வரும் மின்னஞ்சலை இதோடு வைத்துப் பாருங்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனைவரும் தங்கள் வேலை குறித்த பக்கங்களை இன்ட்ராநெட்டில் புதுப்பிக்க வேண்டும். இது உங்கள் வருடாந்திர மதிப்பீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.’ எழுதுவதற்கு நேரம் தரப்படாது. ப்ராஜெக்ட் அட்டவணையில் அதற்கு ஒரு மணி நேரம்கூட இருக்காது. எழுதியதால் கிடைக்கும் லாபம் எழுதியவருக்கு வராது. மானிய நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கையில் கொடுக்கும் அதே கணக்கு. வியாழக்கிழமை இரவு அனைவரும் எதையோ எழுதி ஏற்றுகிறோம். அது வண்டலின்மேல் வண்டல்.

பொதுச்சொத்து என்றாலே ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்ற வாதத்தை 1968-இல் காரெட் ஹார்டின் பிரபலமாக்கினார். எலினோர் ஆஸ்ட்ரம் அதை நம்பாமல் ஊர் ஊராக ஆதாரம் தேடினார். மீன்பிடித் துறைகள், மேய்ச்சல் நிலங்கள், பாசன வாய்க்கால்கள் எனப் பல நூற்றாண்டுகளாக மக்கள் தாங்களே நடத்திவரும் பொதுச்சொத்துகளை ஆராய்ந்து 1990-இல் புத்தகமாக்கினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் கண்டதைச் சுருக்கினால்: எல்லை தெளிவாக இருக்க வேண்டும்; பாடுபடுவதும் பலன் பெறுவதும் பொருந்த வேண்டும்; விதிகளை மாற்றுவதில் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் குரல் வேண்டும். நம் இன்ட்ராநெட்டுகளில் முதலாவது மட்டும் மிகக் கச்சிதமாக இருக்கிறது. மற்ற இரண்டும் இல்லை.

இங்கே நம் கடந்த காலத்தை மிகவும் இனிப்பாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றிப் பேசுகின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்ற விதி நம்மைப் பெருமைப்பட வைக்கிறது. அதே கல்வெட்டில் வாரியத்துக்கு வரச் சொந்த நிலம் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர் தென் தமிழகத்து ஏரிகளைப் பற்றி 2003-இல் எழுதிய நூலில், ஏரி நிர்வாகம் என்பது சாதியும் அதிகாரமும் கலந்த ஏற்பாடாகவே இருந்தது என்று காட்டுகிறார். மதகைத் திறந்து மூடி வயலுக்கு வயல் தண்ணீர் விட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். தண்ணீரின் போக்கு முழுக்க அவர்கள் கையில் இருந்தது. அந்தத் தண்ணீர் பாயும் நிலம் பெரும்பாலும் பிறருடையது. எனவே பழையபடி எல்லோரும் கூடிச் செய்வோம் என்று சொல்வதோடு நிறுத்த முடியாது. எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்டாக வேண்டும்.

அலுவலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் முகம் சுளிக்க வைக்கும் பதில்தான் கிடைக்கும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எங்கள் குழுவின் மிகப் பயனுள்ள பக்கத்தை எழுதியவர் ஓர் ஒப்பந்த ஊழியர், டெஸ்டிங் செய்யும் பெண். புதிய ஆள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வோம். ஒப்பந்தப் புதுப்பிப்பில் ஏதோ தாமதம். நடுவில் மூன்று வாரம் அவருடைய அனுமதி ரத்தானது. வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். தான் எழுதிய பக்கத்தையே பார்க்க என்னிடம் வந்து, "சார், அதைக் கொஞ்சம் ஓபன் பண்ணிக் காட்டுறீங்களா?" என்று கேட்க வேண்டியிருந்தது. அவர் விலகிய பிறகு பக்கத்தின் தலையில் ‘முன்னாள் பயனர்’ என்று வந்துவிட்டது. நம் பழைய சுவடிகளில் ஏட்டைப் பெயர்த்து எழுதியவர்கூடக் கடைசி ஏட்டில் தன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைப்பதுண்டு. உ.வே. சாமிநாதையர் தன் பதிப்புகளின் முன்னுரைகளில் சுவடி கொடுத்து உதவியவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். பனையோலைக்கு இருந்த இந்த நினைவு நம் மென்பொருளுக்கு இல்லை.

அப்படியானால் சீனியர் சொன்னதுதான் சரியா? எழுதாமல் இருப்பதே நியாயமா?

இதில் எனக்கு வழிகாட்டியவர் ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன். மெப்ஸ் அலுவலகத்தின் ஜெனரேட்டர் அறையில் ஒரு நீள நோட்டு தொங்கும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் டீசல் அளவும் ஓடிய நேரமும் எழுதுவதற்கான நோட்டு அது. அதன் கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்தில் வேறொன்றும் இருக்கும்: இரண்டாம் நம்பர் செட் முதல் தடவை எடுக்காது, பத்து நொடி விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணவும், மழை நாளில் பேட்டரி டெர்மினலைத் துடைத்துவிட்டுத் தொடவும், லைனில் காற்று இருந்தால் எந்த போல்ட்டைத் தளர்த்த வேண்டும். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. அவருடைய மதிப்பீட்டில் அது வராது. அவருக்கு மதிப்பீடே கிடையாது. ஏன் எழுதுறீங்கண்ணே என்று கேட்டேன். "ராத்திரி டூட்டிக்குப் புதுசா ஒருத்தன் வருவான் தம்பி. இருட்டுல நின்னு முழிப்பான். நான் முழிச்சேன்ல?"

முதலாளியோ நிறுவனமோ கொள்கையோ அந்தப் பதிலில் இல்லை. முன்பு இருட்டில் முழித்த தானும், இனி முழிக்கப்போகும் ஒருவனும் மட்டும் இருக்கிறார்கள். கடமை யாருக்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. என் வேலையில் எனக்குத் தெரிந்தது எதுவும் நான் தனியாகக் கண்டுபிடித்தது அல்ல. முகம் தெரியாத யாரோ எழுதிய பக்கங்கள், யாரோ இலவசமாக விட்ட நிரல்கள், அருகில் உட்கார வைத்துச் சொல்லித்தந்த அதே சீனியர். கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுக்க முடியாத கடன் இது. அடுத்து வருகிறவரிடம்தான் அடைக்க முடியும். நிறுவனம் அந்த நோட்டைத் தொங்கவிட ஆணி கொடுத்த இடம், அவ்வளவுதான்.

இதற்குக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அடுத்து வருகிறவர் என் இடத்தைப் பறிக்க வருகிறவராக இருந்தால்? ஃப்ளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 2014 கடைசியில் சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்களை நீக்குவதாக அறிவித்தது. அவர்களில் சிலர் தங்களுக்கு மாற்றாக வந்தவர்களுக்கே வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் இந்தியர்கள் இருந்தார்கள். நம் ஊரிலும் ‘கேடி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவு ஒப்படைப்புக் கூட்டத்துக்குக் காலண்டரில் அழைப்பு வந்தாலே வயிற்றில் புளி கரைகிறவர்கள் உண்டு. பெரியவர்கள் கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்பார்கள். கல்வி குறையாது, சரி. வீட்டு வாடகைக்கான வருமானம் குறையுமே?

என் நிலைப்பாடு இது: கடன் என்னுடையது, அதை அடைக்கும் மனமும் என்னுடையது, மிரட்டி வசூலிக்கும் உரிமை மூன்றாம் ஆளுக்கு இல்லை. வேலை போகப்போகிறவர் எழுத மறுத்தால் அதை அறக்குறைவாக என்னால் பார்க்க முடியாது. ஆனால் வேலை பத்திரமாக இருக்கும்போதே, ஒருநாள் போகலாம் என்ற பயத்தில் எல்லாவற்றையும் மண்டைக்குள் பூட்டி வைப்பது வேறு. அந்தப் பூட்டு நிறுவனத்தை அதிகம் பாதிப்பதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு அழைப்பு வந்து, ஒன்றும் புரியாமல் அழும் நிலைக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத்தான் அது பாதிக்கிறது. அதோடு அந்தப் பயம் நினைக்கும் அளவுக்கு எழுத்தும் பலம் வாய்ந்ததல்ல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்வதைத்தான் மைக்கேல் பொலானி 1966-இல் வேறு விதமாக வாதிட்டார்: நமக்குத் தெரிந்தது நம்மால் சொல்ல முடிந்ததைவிட எப்போதும் அதிகம். எவ்வளவு எழுதினாலும் கை அறிந்தது கையிலேயே மிஞ்சும்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில் பிறக்கும் அடையாறு, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. எங்கள் அலுவலகத்தில் அவசர உதவிக்கென்று மிக நேர்த்தியான பட்டியல் ஒன்று இருந்தது: யார் எங்கே வசிக்கிறார்கள், ரத்த வகை என்ன, யாரிடம் கார் இருக்கிறது. அது இன்ட்ராநெட்டில் இருந்தது. விபிஎன் வழியாகத்தான் திறக்கும். மின்சாரம் போய், பிராட்பேண்ட் அறுந்த அன்று அதை யாராலும் திறக்க முடியவில்லை. அதே நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் கூகுள் ஷீட்டில் ஒரு பொதுப் பட்டியலைத் தொடங்கி, தங்க இடம் தருகிறவர்கள், படகு வைத்திருக்கிறவர்கள், சாப்பாடு சமைக்கிறவர்கள் என்று நிரப்பிக்கொண்டிருந்தார்கள். லேசாக வந்துபோன மொபைல் சிக்னலில் அது திறந்தது.

திறந்ததே நல்லது, மூடியதே கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அந்தப் பொதுப் பட்டியல்களில் தனியாக இருக்கும் பெண்களின் முகவரியும் கைபேசி எண்ணும் ஊருக்கே தெரியும்படி இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அவற்றை யார் நீக்குவது என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. சம்பளம், மருத்துவச் சான்று, வீட்டு முகவரி போன்றவற்றுக்குச் சுவர் வேண்டும். அது நிறுவனத்தின் தயவு அல்ல, ஊழியரின் உரிமை. கரை இல்லாமல் ஏரி கிடையாது. ஆனால் மதகு வைக்காமல் கரை மட்டும் கட்டுகிறவனை யாரும் ஏரி வெட்டியவன் என்று சொல்ல மாட்டார்கள். எந்தப் பக்கம், யாருக்கு, எப்போது திறக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி. இன்று பெரும்பாலான இடங்களில் அந்த முடிவை எடுக்கிறவர் அந்தப் பக்கத்தை எழுதியவரும் அல்ல, படிக்கப்போகிறவரும் அல்ல.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. பெயரைத் திரும்பக் கொண்டுவருவது எளிது. பெயருக்குப் பின்னால் இருந்த கணக்கைக் கொண்டுவருவதுதான் வேலை. அலுவலகத்தில் அந்தக் கணக்கு பெரிய புரட்சி எதையும் கேட்கவில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் பெயர் பக்கத்தில் இருக்கட்டும். அந்த வேலையைச் செய்கிற ஒவ்வொருவருக்கும், அவர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தாலும், அந்தப் பக்கம் திறக்கட்டும். எழுதுவதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வரட்டும். இவற்றைக் கொடுக்காத நிறுவனம் பகிர்வதைப் பற்றிப் பாடம் நடத்தத் தகுதியற்றது.

கொடுக்காத நிறுவனத்தில் இருந்தாலும் நான் எழுதத்தான் செய்கிறேன். முகப்பில் மின்னும் பக்கங்களில் அல்ல. எங்கள் குழுவின் ஃபோல்டரில், சர்வர் விழும் இரவுக்கான குறிப்பாக. என்ன நடந்தால் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, எது எனக்கும் இன்னும் புரியவில்லை என்று சாதாரணத் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதி, கீழே என் பெயரையும் தேதியையும் போடுகிறேன். இதைத் திருத்துகிறவர் தன் பெயரையும் சேர்க்கவும் என்று ஒரு வரி. கடந்த வருடம் அந்தப் பக்கத்தில் நான்கு பெயர்கள் சேர்ந்திருந்தன. அவர்களில் இருவரை நான் நேரில் பார்த்ததில்லை.